இடது அம்பு

மேல் அம்பு ஏற்கிறது.
கீழ் அம்பும்.
வலது கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஏற்கிறது.
இடதுதான்
மிதித்தாலும் மிதிக்கவில்லை என்கிறது.

செந்தூல், பதினோராம் மாடி, இரவு ஒன்பது.
கூடத்தின் நடுவில்
வயிறு கீறிய மீனைப் போலத் திறந்து கிடக்கிறது
நான் செய்த ஆட்டப் பலகை.
திரையில் அம்புகள் ஏற ஏறக் கால் அதே அம்பை மிதிக்க வேண்டும்,
அவ்வளவுதான் விளையாட்டு.

செலவைச் சொல்லிவிடுகிறேன்.
ஒட்டுப்பலகை, குப்பைக் கூடத்தருகே யாரோ தள்ளிய
அலமாரியின் முதுகு. காசில்லை.
ஈயமும் கம்பியும் ஜாலான் பசாரில்
பன்னிரண்டு வெள்ளி எழுபது காசு.
கீபோர்டு, ஆபீசில் காப்பி குடித்துச் செத்தது;
குடலை உருவி மூளையை மட்டும் வைத்துக்கொண்டேன்.
அலுமினியத் தாள் அடுப்படியில் இருந்தது.
குணாளனின் நாளைய மீகோரேங்கைச் சுற்ற
ஒரு சாண் மிச்சம்.

மூடிக்கு நாலு சதுரம் வேண்டும்.
மாடிப்படிக்குக் கீழே நின்றது
கடை மூடிப் போன மரகதவல்லியின் பெயர்ப்பலகை.
எடுத்துக்கோ என்றார். அறுத்தேன்.
'யல்' கீழ் அம்புக்குப் போனது.
இடது அம்புக்கு வாய்த்த துண்டில்
'தை' மட்டும் தங்கிவிட்டது, சிவப்பில்,
சுரண்டியும் போகவில்லை.

எண்ணூற்று ஐம்பதுக்குப் புதுசே வருமே என்றான் குணாளன்.
காருக்குச் சாலைவரி கட்டிவிட்டு வாங்கலாம் என்றேன்.
அப்புறம் அவன் அதைப் பேசவில்லை.

இரண்டு தகடு. மிதித்தால் தொட வேண்டும்.
மற்ற நேரத்தில்
தொடாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.
நடுவே கதவிடுக்குப் பஞ்சு. மற்ற மூன்றுக்கும் ஒரு சுற்று,
இடதுக்குக் கை தவறி இரண்டு.
மீட்டரின் முனைகளைச் செருகிக்
கையால் அழுத்துகிறேன், கூவுகிறது.
கால் வைக்கிறேன், மௌனம்.
கை, கூவல். கால், மௌனம்.
என் காலில் மின்சாரத்துக்கு என்ன கோபம்?

துவைத்த துணிக் கூடையோடு போன குணாளன்
வழியில் கிடந்ததை ஏறி மிதித்துக்கொண்டு போனான்.
கூவியது.

திரும்பி வந்து என் காலைப் பார்த்தான்.
"நீ மிதிக்கவே இல்ல.
வைக்கிற."

ஆமாம்.
பொம்பளப் புள்ள அதிர நடக்கலாமா
என்று ஒருத்தர் இல்லை, எத்தனை வாய்.
பதினாறு வயதில் சுங்கை வாங்கில்
பையன்கள் இரும்புக் கம்பியைப் பிடித்துக் குதித்தபோது
அவர்களின் பைகளைப் பிடித்து நின்றவள் நான்.
நாலு பை. ஒன்று சரியான கனம்.
என் முறை வந்தபோது
செந்தூல் பஸ்ஸும் வந்துவிட்டது.

பஞ்சை ஒரு சுற்று உரித்தால் போதும்,
என் காலுக்குத் தக்கபடி இளகிவிடும்.
பிளேடைக் கையில் எடுத்தேன்.
விளிம்பில் நகத்தால் கிளப்பவும் செய்தேன்.
பிறகு அழுத்தி ஒட்டினேன், திருப்பிப் போட்டேன்,
மூடியை முடுக்கினேன், எட்டுத் திருகாணி,
ஒன்று காணவில்லை, ஏழு.

எழுந்து நின்றேன்.
கண்ணாடி அலமாரியில் கல்யாணக் கோப்பைகள்.
கீழே பத்தாம் மாடியில் திருமதி சியூ.
எல்லாருக்கும் தெரியட்டும் என்று
இடது காலைத் தூக்கி

தை.

திரையில் அம்பு பற்றிக்கொண்டது.
கோப்பைகள் ஒன்றோடொன்று ஏதோ சொல்லிக்கொண்டன.
இன்னொன்று. இன்னொன்று.
குதிகாலில் ஒரு சூடு,
இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

தரைக்கு அடியிலிருந்து துடைப்பக் கட்டை, மூன்று முறை.
நடு இடி தாளத்தில் விழுந்தது.
மற்ற இரண்டும் பிந்திவிட்டன,
எந்த விளையாட்டிலும் புள்ளி கிடைக்காது.

நாளை ஆரஞ்சு வாங்கிப் போய்ப் பார்க்கிறேன்.
ரப்பர் விரிப்பு மீட்டர் ஒன்பது வெள்ளி,
விசாரித்துவிட்டேன்,
சம்பளம் வந்ததும்.

பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று
மின்தூக்கியில் ஒட்டியிருக்கிறார்கள்.
இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது.